பல்லைக் கடித்துக்கொண்டு

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாயாடி எழுதுவது. இங்கே இவர் நலம், வீடு நலம், நானும் நலம், என் இடது காது ஒன்றைத் தவிர. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? டிரைவிங் ஸ்கூலில் கூட்டம் எப்படி?

போனில் பேசாமல் இதென்ன புதுப் பழக்கம் என்று நினைப்பாய். போனைக் காதில் வைக்கவே பிடிக்கவில்லை அக்கா. பகல் முழுக்க ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "உங்கள் புகாரைப் பதிவு செய்துகொண்டோம், சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஊரார் எல்லோரிடமும் வருந்திவிட்டு வீட்டுக்கு வந்தால், காதுக்குள் ஒரு சத்தம். மெல்லிசாக, விடாமல். ப்ரிட்ஜிலிருந்துதான் வருகிறது என்று பிளக்கைப் பிடுங்கினேன். போகவில்லை. ஃபேனை நிறுத்தினேன். போகவில்லை. மாடி வீட்டில்தான் ஏதோ மோட்டார் வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு, படியேறிப் போய்க் கதவைத் தட்டினேன். அந்த அம்மா பாவம், ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டினார். துணி உலர்ந்துகொண்டிருந்ததைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. திரும்பி வந்து ஹாலில் நின்றபோதுதான் புரிந்தது. சத்தம் வீட்டில் இல்லை, என்னிடம் இருக்கிறது.

காது டாக்டர் என்னைக் கதவு சாத்திய கூண்டு மாதிரி ஒரு அறையில் உட்கார வைத்துச் சோதித்தார். "கேட்கிற சக்தி நல்லாத்தான்மா இருக்கு, கொஞ்ச நாள் பாருங்க" என்றார். நல்லாக் கேட்கிறதுதானே டாக்டர் பிரச்சினை என்று நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

இவரிடம் முழுசாகச் சொல்லவில்லை. விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கிற மனிதர். சொன்னால் ஒன்றுக்குப் பத்தாகக் கேள்வி கேட்பார்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் வாயாடி


ஜனவரி 27

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீ சின்ன வயதில் போட்ட சத்தமெல்லாம் சேர்ந்து இப்போது உன் காதுக்குள்ளேயே திரும்பிவிட்டதா என்று அத்தான் சிரிக்கிறார்.

ஸ்கூலில் கூட்டத்துக்குக் குறைவில்லை. அத்தானிடம்தான் கற்றுக்கொள்வேன் என்று காத்திருந்து வருகிறார்கள். நடு ரோட்டில் வண்டியை அணைத்துவிட்டு முழிக்கிறவர்களிடம்கூட அவர் குரல் உயர்வதில்லை. நான் முன் மேசையில் உட்கார்ந்து யாருக்கு எந்த வண்டி, எந்த நேரம் என்று சொல்லி அனுப்புகிறேன். வேலை சரியாக இருக்கிறது.

காதைக் கவனி. வேறு டாக்டரைப் பார். நன்றாகத் தூங்கு. உன் வீட்டுக்காரரை நான் கேட்டதாகச் சொல். வேறு விசேஷம் இல்லை.

உன் அக்கா

(கீழே, வேறு மையில்)

மச்சினிச்சி, நான் இன்னும் கொஞ்சம் இடம் வைக்கச் சொல்லியிருந்தேன், உன் அக்கா இவ்வளவுதான் விட்டாள். உன் காதுக் கவலையில் நேற்று ஒருவரிடம் பிரேக்கைக் கிளச் என்று சொல்லிவிட்டாள். சீக்கிரம் குணமாகு, ஊரில் விபத்து குறையும். சகலையை விசாரித்ததாகச் சொல். - அத்தான்


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? அத்தானின் பின்குறிப்பைப் படித்துச் சிரித்தேன், ஆனால் பாதிச் சிரிப்பில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. ஏனென்றால் இப்போது வாயே சரியாகத் திறப்பதில்லை.

திறந்தால் இடது காதுக்கு முன்னால் 'டக்' என்கிறது. சில நாள் பாதியில் மாட்டிக்கொள்கிறது. ஆப்பிளைக் கடிக்க முடியாமல் நறுக்கித் தின்கிறேன். காலையில் எழுந்தால், பக்கத்து அறையில் ஏதோ பாரம் தூக்கிவிட்டு வந்ததுபோல் கன்னம் கனக்கிறது. போன வாரம் வீங்கியே இருந்தது. பக்கத்து சீட்டுப் பெண், "என்னாச்சு உங்க முகத்துக்கு?" என்று கேட்டாள். கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒவ்வொருத்தருக்கும் காதுக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

இரண்டு நாள் லீவு போட்டேன். இவருக்கும் எனக்கும் பேச்சு கொஞ்சம் குறைந்திருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை. எழுதுகிற அளவுக்கு விஷயமும் இல்லை.

நீ எப்படி இருக்கிறாய்? உன் கடிதத்தில் உன்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

உன் வாயாடி


மார்ச் 3

தங்கைக்கு,

இதைக் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் டிரைவிங் ஸ்கூலுக்கு எதிர்வரிசையில் மூக்குக்கண்ணாடி விற்கும் கடை. கடைக்கார அம்மா எனக்குப் பழக்கம். பதிலை இந்தக் கடை விலாசத்துக்கே போடு, வீட்டுக்கு வேண்டாம். அத்தானுக்குத் தெரிந்தால் வீணாகக் கவலைப்படுவார்.

கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாயாமே. எந்தக் கதவு? கதவு நெற்றியில் இடிக்கும், மூக்கில் இடிக்கும். காதுக்கு முன்னால், கன்னத்தில் போய் எந்தக் கதவு இடிக்கும்? அதுவும் இடது பக்கம். உன் வீட்டுக்காரர் வலது கைக்காரர்தானே?

முதலில் காது. பிறகு தாடை. பிறகு லீவு. பிறகு "பேச்சு குறைந்திருக்கிறது, எழுதுகிற அளவுக்கு ஒன்றுமில்லை". நான் உன்னைவிட ஏழு வருஷம் மூத்தவள். எனக்குப் படிக்கத் தெரியும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆமாம், இல்லை என்று மட்டும் எழுது போதும். அவர் கை நீட்டுகிறாரா?

அக்கா


மார்ச் 18

அக்காவுக்கு,

இல்லை.

ஒரு வார்த்தையில் எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். ஆனால் ஒரு வார்த்தையில் நிறுத்த என்னால் ஆகாது, உனக்கே தெரியும். உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது. இவரா? சமையலறையில் எலி வந்தபோது நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு, "அதுவும் ஒரு உயிர்தானே, தானாப் போயிடும்" என்று சொன்ன மனிதரா? இரண்டாம் தடவை படித்தபோது கோபம் வந்தது. அவர் ஏதாவது செய்ததாக நான் எங்கே எழுதினேன்? உனக்கு ஏன் அப்படித் தோன்றியது?

நாங்கள் பேசாமல் இருந்தது வேறு விஷயம். என் வேலை சம்பந்தப்பட்டது. அது முடிந்துபோயிற்று, விடு.

காதுச் சத்தம் அப்படியே இருக்கிறது. சாப்பாடு கஞ்சியும் கரண்டியுமாக முடிகிறது. கண்ணாடிக் கடை அம்மாவுக்கு என் வணக்கம். உனக்கு ஏன் வீட்டில் கடிதம் வரக் கூடாது என்பதும் எனக்குப் புரியவில்லை.

வாயாடி


ஏப்ரல் 2

தங்கைக்கு,

இல்லை என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். எலியைக் கண்டு பயப்படுகிறவர் என்பதெல்லாம் கணக்கில்லை. வெளியில் பார்க்கிறவர்களுக்கு எல்லோரும் நல்லவர்கள்தான். வாசலில் செருப்பைக் கழற்றுகிற வரைக்கும் நல்லவர்கள்.

இதையாவது உண்மையாகச் சொல். சத்தம் முன்பெல்லாம் சாயங்காலத்துக்குள் அடங்கி, பிறகு மறுநாள் வரை நீடித்து, இப்போது வீட்டுச் சத்தங்களில் ஒன்றாகிவிட்டதா? வலது பக்கத்தாலேயே மென்று தின்னப் பழகிவிட்டாயா? கொட்டாவி வரும்போது உள்ளங்கையால் தாடையைக் கீழிருந்து தாங்கிக்கொள்கிறாயா? குழாயைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் நின்றால் காதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறதா?

இருந்தால் மறைக்காதே. அவர் மன்னிப்புக் கேட்டிருப்பார். மன்னிப்புக் கேட்ட அன்றைக்கு ரொம்ப நன்றாக இருப்பார். அதை நம்பி உட்கார்ந்துவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மே 14

தம்பிக்கு,

தங்கையின் கணவர் என்ற முறையில் உங்களுக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் மனைவி என் கடைசிக் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. அவள் பதில் போடாமல் இருக்கிறவள் இல்லை. எழுத விடாமல் யாரோ தடுக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

அவளுடைய இடது காதுக்கும் தாடைக்கும் என்ன ஆனது என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம். அவளுக்கு யாரும் இல்லை என்று நினைக்க வேண்டாம். நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
அவளுடைய அக்கா


ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

கண்ணாடிக் கடை விலாசத்துக்கே இதை அனுப்புகிறேன். பதில் போடாமல் இருந்தது என் கோபத்தால்தான், யாரும் தடுக்கவில்லை. உன் கடிதத்தை இவர் படித்து, மடித்து, என்னிடம் நீட்டினார். நான்தான் வெட்கத்தில் தலை நிமிர முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் என் கதையை முடித்துவிடுகிறேன். இவர் வற்புறுத்திப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனார். காதுக்குப் பல் டாக்டர் என்ன செய்வார் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். அந்த டாக்டரம்மா இரண்டு விரலை என் காதுக்கு முன்னால் வைத்து, "வாயைத் திறந்து மூடுங்க, தாடையை முன்னால தள்ளுங்க" என்றார். தள்ளினேன். காதுச் சத்தம் சட்டென்று ஏறியது. விட்டால் இறங்கியது. அதைச் சொன்னதும் அவர் தலையாட்டினார்.

"தாடை மூட்டு காதுக்கு ஒட்டினாப்ல இருக்கும்மா, நடுவுல ஒரு மெல்லிய எலும்புதான். இந்த மூட்டும் தசையும் புண்ணாச்சுன்னா சில பேருக்குக் காதுல சத்தமாக் கேக்கும். எல்லாக் காதுச் சத்தமும் இதால வராது. உங்களுக்குத் தாடைய அசைச்சா சத்தம் மாறுது, அதான் எனக்கு இதுமேல சந்தேகம்."

"எனக்கு ஏன் டாக்டர் புண்ணாச்சு?"

"பல்லைக் கடிக்கிறீங்க. தூக்கத்துலயும், பகல்லயும். பல்லெல்லாம் தேஞ்சிருக்கு பாருங்க. என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அக்கா, இப்போது எழுதுகிறேன், இதைத்தான் உன்னிடம் மறைத்தேன். டிசம்பரில் ஒருவன் போனில் என்னைச் சொல்லக் கூடாத வார்த்தையெல்லாம் சொன்னான். நான் பாதியில் போனை வைத்துவிட்டேன். மேலதிகாரி அந்த ஒலிப்பதிவை எல்லோருக்கும் முன்னால் போட்டுக் காட்டி, வாடிக்கையாளரிடம் நடந்துகொள்கிற முறை இதுவா என்று கேட்டார். அன்றையிலிருந்து யார் என்ன திட்டினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். பேச்சுக்குச் சொல்கிறோமே, நான் அதை நிஜமாகவே செய்திருக்கிறேன். இவர் வேலையை விடச் சொன்னார், நான் மாட்டேன் என்றேன். பேச்சு குறைந்தது அதனால்தான்.

பற்களுக்கு மேல் மாட்டிக்கொண்டு தூங்க ஓர் உறை செய்து கொடுத்திருக்கிறார்கள். கன்னத்துக்குச் சூடு ஒற்றுகிறேன். உதடு மூடியிருக்கலாம், பல் பல்லைத் தொடக் கூடாது. இதுதான் எனக்கு உத்தரவு. சத்தம் பாதிக்குமேல் குறைந்திருக்கிறது. முழுசாகப் போகும் என்று டாக்டரம்மா வாக்குக் கொடுக்கவில்லை. வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இனி உன் கதை.

கண்ணாடிக் கடையிலிருந்து நீ எனக்கு எழுதிய இரண்டு கடிதங்களையும் இவர் கேட்டு வாங்கி, ஒன்றாக வைத்துப் படித்தார். கோபத்தில் படிக்கவில்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பாரே, அப்படிப் படித்தார். பிறகு கேட்டார்.

"கொட்டாவி விடும்போது நீ தாடையத் தாங்கிக்கிறியா?"

"இல்லையே."

"டாக்டர் கேட்டாங்களா?"

"இல்ல."

"குழாயத் திறந்து விட்டா ஆறுதலா இருக்கும்னு?"

"அதுவும் கேக்கல. ஏன்?"

"மோதி நிக்கிற வண்டியப் பாக்கப் போனா, வேடிக்கை பாத்தவன் மோதினதைப் பத்திப் பேசுவான். வண்டிக்காரன் அதப் பத்திப் பேச மாட்டான். மோதினதுக்கப்புறம் வண்டி எந்தப் பக்கம் இழுக்குதுன்னு சொல்வான். உங்கக்கா உன்கிட்ட கேட்டதெல்லாம் எந்தப் பக்கம் இழுக்குதுன்னுதான்."

அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது அக்கா. நீ கொட்டாவி விடும்போது கன்னத்தில் கை வைப்பாய். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பல்வலி என்பாய், நானும் சரி என்பேன்.

நீ என்னிடம் கேட்டதையே உன்னிடம் கேட்கிறேன். அத்தான் கை நீட்டுகிறாரா? ஆமாம், இல்லை என்று மட்டும் எழுது போதும்.

உன் வாயாடி


ஜூலை 1

அன்பு மச்சினிச்சிக்கு,

நலமா? சகலை நலமா? உன் காது தேறி வருவதாக அறிந்து மிக்க மகிழ்ச்சி.

நீ உன் அக்காவுக்குக் கண்ணாடிக் கடை மூலம் அனுப்பிய கடிதம் என்னிடம்தான் இருக்கிறது. வீடு இருக்கும்போது அடுத்தவர்களுக்கு ஏன் சிரமம் என்று நானே போய்க் கேட்டேன். கடைக்கார அம்மாவின் வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்தார். நல்ல மனிதர், அவர் மகனுக்கு நான்தான் வண்டி சொல்லிக் கொடுத்தேன்.

உன் அக்கா ஒரு கற்பனைக்காரி. அதை நீயும் உன் கணவரும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இப்போது அவளால் எழுத முடியாது. மாடிப்படியில் சறுக்கி மணிக்கட்டில் சின்ன அடி. ஓய்வில் இருக்கிறாள். எது கேட்பதானாலும் எனக்கு எழுது, நான் அவளிடம் சொல்கிறேன். குடும்பத்துக்குள் ஒளிவு மறைவு எதற்கு?

அன்புடன்,
அத்தான்


ஜூலை 10

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

வணக்கம். அக்கா படியில் விழுந்தது கேட்டு வருத்தப்பட்டோம். நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறீர்கள் என்பதால் எங்களுக்குக் கவலையில்லை. முன்பு ஏதோ உளறி எழுதிவிட்டேன். காதுச் சத்தத்தில் புத்தி கெட்டிருந்த நேரம், மன்னித்துவிடுங்கள்.

ஓர் உதவி. என் தாடைக்கு அடுத்த கட்டச் சிகிச்சை இருக்கிறது. பேசக் கூடாது, மெல்லக் கூடாது என்கிறார்கள். இவர் வெள்ளத்தில் மாட்டிய வண்டிகளைப் பார்க்க வெளியூர் போகிறார், திரும்ப நாளாகும். அக்காவைக் கொஞ்ச நாள் அனுப்பி வைத்தால் பெரிய துணையாக இருக்கும். ஒற்றைக் கையானாலும் பரவாயில்லை, கூட இருந்தால் போதும்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
மச்சினிச்சி


ஆகஸ்ட் 19

என்னங்க,

சௌக்கியமா? சேற்றில் நின்று நின்று கால் புண்ணாகியிருக்கும், மருந்து போட்டுக்கொள்ளுங்கள். நான் நலம். அக்கா இங்கே இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிட்டால்தான் நீங்கள் மீதியை நிதானமாகப் படிப்பீர்கள். போனில் சொன்னால் நடுவில் நூறு கேள்வி கேட்பீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

அத்தானிடமிருந்து பதிலே வரவில்லை. அந்தப் பக்கம் இப்படி அமைதியாக இருந்தது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் மன்னிப்புக் கேட்டதை அவர் ஒரு வரிகூட நம்பவில்லை போலிருக்கிறது. அதனால் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனேன். வீட்டுக்குப் போகவில்லை. நீங்கள் சொன்னது சரி, ஆட்கள் இருக்கிற இடம்தான் நல்லது என்று வகுப்பு நடக்கிற நேரம் பார்த்து நேரே டிரைவிங் ஸ்கூலுக்கே போனேன்.

சுவர் முழுக்கச் சாலைக் குறிகள் வரைந்த பலகைகள். பத்துப் பன்னிரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தான் வெள்ளைச் சட்டையில், கையில் குச்சியோடு, எதிரே வருகிறவருக்கு எப்போது வழிவிட வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். முன் மேசையில் அக்கா. மணிக்கட்டில் கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, அவரைப் பார்த்தாள்.

"வாங்க வாங்க மச்சினிச்சி. சொல்லியிருந்தா வண்டி அனுப்பியிருப்பேனே" என்றார்.

நான் அக்காவிடம், "கை எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டேன்.

"தேறிடுச்சு, டாக்டர் பயப்பட ஒன்னுமில்லன்னுட்டாரு" என்றார் அவர்.

"வலிக்குதாக்கா?"

"ராத்திரி மட்டும் கொஞ்சம் இருக்கும்பா." அதற்கும் அவர்தான்.

என் கேள்விகள் அக்காவிடம் போய்ச் சேருவதற்குள் அவர் நடுவில் நின்று வாங்கிக்கொண்டார். எத்தனை வருஷமாக நான் இதைப் பார்த்துவிட்டு, எவ்வளவு அன்னியோன்னியம் என்று நினைத்திருக்கிறேன் என்று யோசித்தேன். எனக்குத் தாடை இறுகியது. பல் பல்லைத் தொடக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"அக்காவக் கூட்டிட்டுப் போக வந்தேன் அத்தான். சிகிச்சை இருக்குன்னு எழுதியிருந்தேனே."

"ஆமா ஆமா. அடுத்த வாரம் நானே கொண்டாந்து விடுறேன். இப்ப எப்படி, இவ்வளவு பேர் இருக்காங்க, மேசையில ஆள் வேணுமே."

பெஞ்சில் இருந்த ஒரு வயதான அம்மா, "நாங்க ஒன்னும் தப்பா நெனச்சுக்க மாட்டோம் சார், தங்கச்சிக்கு உடம்பு முடியலன்னா அனுப்பி விடுங்க" என்றார். அந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமலே எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

அத்தான் சிரித்துக்கொண்டே இருந்தார். ஆனால் அவர் அக்காவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஒருவேளை பார்த்தும் எனக்குப் படிக்கத் தெரியாமல் இருந்திருக்கலாம். "வகுப்பு முடியட்டும், உள்ள உக்காந்து பேசுவோம்" என்றார் மெதுவாக.

அக்கா எழுந்தாள். மேசைக்கு அடியில் குனிந்து ஒரு பையை எடுத்தாள். ஜிப் மூட முடியாத அளவுக்கு நிறைந்த பை. நான் வருவது அவளுக்குத் தெரியாது. அப்படியென்றால் அந்தப் பை எத்தனை நாளாக அங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை.

"நீங்க வகுப்ப நடத்துங்க" என்றாள் அவரிடம்.

அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஊரெல்லாம் சேர்த்துவைத்த நல்ல பெயர் அன்றைக்கு அவரையே கட்டிப் போட்டது. எதிர்வரிசையில் கண்ணாடிக் கடை அம்மா, வாடகை வண்டி ஒன்றை நிறுத்தி வைத்துக்கொண்டு நின்றார். அக்கா சாயலில் நான் உள்ளே போனதைப் பார்த்ததுமே கூப்பிட்டாராம். "அந்தக் கடுதாசிய எங்க வீட்டுக்காரர் கொடுத்திருக்கக் கூடாதும்மா" என்று மட்டும் சொன்னார்.

வண்டியில் வரும்போது, "நான் அந்தக் கடிதம் எழுதாம இருந்திருந்தா உன் கை தப்பிச்சிருக்கும்" என்றேன். அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, "உன் கடிதம் இல்லேன்னா வேற ஏதாவது கிடைச்சிருக்கும்" என்றாள். பிறகு, "உன் வீட்டுக்காரரத் தப்பா எழுதிட்டேன். எனக்கு வேற மாதிரி நெனைக்கத் தெரியல" என்றாள். உங்களிடம் சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

அத்தான் இரண்டு தடவை போன் செய்தார். குரல் தேன்தான். அக்கா எடுக்கவில்லை, நான் எடுத்து, "தூங்குறா" என்றேன், இரண்டு தடவையும். கதவு மணி அடித்தால் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். நேற்று தெரு முனையில் 'எல்' பலகை மாட்டின வண்டி ஒன்று மெதுவாக ஊர்ந்து வந்தது. எனக்குத் திக்கென்றது. அது வேறு ஏதோ ஸ்கூல் வண்டி. நீங்கள் வந்துவிட்டால் வக்கீலைப் பார்க்கப் போக வேண்டும், அக்காவே கேட்டாள்.

இன்றைக்கு எனக்குப் பல் டாக்டரிடம் போகிற நாள். தனியாக விட்டுவிட்டுப் போகப் பயந்து அவளையும் கூட்டிப் போனேன். டாக்டரம்மா என் உறையைப் பார்த்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்த அக்காவிடம் பேச்சுக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து அக்காவுக்குக் கொட்டாவி வந்தது. கை தானாகக் கன்னத்துக்குப் போனது. டாக்டரம்மா பேச்சை நிறுத்திவிட்டார்.

"கொஞ்சம் இந்த நாற்காலியில உக்காருங்களேன்" என்றார்.

விரலை வைத்துப் பார்த்தார். முன்பு எனக்கு 'டக்' என்றுதான் கேட்டது. அக்காவுக்கு, மண் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"காதுல சத்தம் இருக்கா?"

"எல்லாருக்கும் இருக்கிற அளவுதான்" என்றாள் அக்கா.

"எல்லாருக்கும் இருக்காதும்மா."

அக்கா என்னைப் பார்த்தாள். நிஜமாகவே அவளுக்குத் தெரியாதுங்க. இத்தனை வருஷமாக அது எல்லாக் காதிலும் கேட்கிற சத்தம் என்றும், மற்றவர்கள் அதைப் பெரிசுபடுத்துவதில்லை என்றும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் என் காதைப் பற்றி எழுதியபோதுதான், தங்கைக்கு இது புதிதா என்று அவளுக்குச் சந்தேகம் வந்ததாம். அதற்குமேல் அவளுக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான்.

டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார். "இது கடிச்சுக் கடிச்சுத் தேஞ்ச மூட்டு மாதிரி இல்ல. பழைய அடி. கீழ விழுந்தீங்களா?"

அக்கா தன் மணிக்கட்டுக் கட்டைப் பார்த்தாள். அந்த அறையில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இவளுக்காக நானே சொல்லிவிடலாம் என்று, "டாக்டர், அது வந்து" என்று ஆரம்பித்தேன்.

"நீ வெளிய இரு" என்றாள் அக்கா. "நானே சொல்றேன்."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு சாத்தியிருந்தது. வார்த்தை எதுவும் காதில் விழவில்லை, அவள் குரல் மட்டும் கேட்டது. முதலில் விட்டு விட்டு, பிறகு நிற்காமல். எனக்குப் பின்னால் வந்தவர் பொறுமை இழந்து, "பல்லு புடுங்குறாங்களா, இவ்வளவு நேரமா?" என்று வரவேற்பில் இருந்த பெண்ணைக் கேட்டார்.

அவள் கதவுப் பக்கம் காது கொடுத்துப் பார்த்துவிட்டு, "இல்ல சார், பேஷண்ட் பேசிட்டு இருக்காங்க" என்றாள்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்து, "கொஞ்சம் பொறுத்துக்குங்க சார், இன்னும் நேரமாகும்" என்றேன்.

உங்கள்
வாயாடி